அவர் பெயரில் ஒரு கணினி

ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் என்ற ஊரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் அப்பா அடிக்கடி உறைந்துபோவார். மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டால்தான் எழும்புவார். ஒரு முறை நான் விடுமுறை முடிந்து வந்தபோது முகாமையாளர், "அவருக்கு ஞாபகம் போதவில்லை, கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறோம்" என்று சொன்னார். உண்மையான அப்பா அப்போது ஊரில் நல்ல ஞாபகத்தோடு இருந்துகொண்டு, குளிருக்குத் தொப்பி போடு என்று எனக்குக் கடிதத்தில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு கணினிக்கும் அதன் முன் உட்காருகிறவரின் குடும்பப் பெயரை வைப்பார்கள். நான் சேருவதற்கு முன்னரே தலைமை அலுவலகம் போட்ட விதி. வெள்ளைக்காரருக்கு அது சரி. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கனடாவுக்கு வந்து இறங்கிய அன்று படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதற்காக அப்பாவின் பெயரையோ புருஷனின் பெயரையோ எழுதிக் கொடுத்துவிட்டோம். நான் கலியாணத்துக்குப் பிறகும் அப்பாவின் பெயரை மாற்றவில்லை. அதனால் என் கணினி அப்பாவானது.

இன்னொரு விதியும் இருந்தது. பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் பெயர்கள் ஆங்கிலத்தில் எட்டு எழுத்தில் நிற்கிற சாதியா? அப்பாவைக் கழுத்தோடு வெட்டித்தான் அந்த இடத்துக்குள் அடக்கியிருந்தார்கள். பக்கத்து மேசைச் சீனப் பெண்ணின் கணினிக்கு இரண்டே எழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

எங்கள் நிறுவனம் மருந்துக் காப்புறுதிப் பற்றுச்சீட்டுகளைக் கையாண்டது. பெரிய மண்டபம் ஒன்றில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, யார் எந்தக் கடையில் என்ன மருந்து வாங்கினார்கள் என்று நாள் முழுவதும் தட்டச்சு செய்வார்கள். அவ்வளவும் ஒரே தரவுத்தளத்துக்குள் போய்ச் சேரும். அந்தத் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருவருடைய நோய் வருத்தமும் வீட்டு விலாசமும் ஒரே இடத்தில் இருந்தபடியால், அதை யார் திறக்கிறார்கள் என்று கண்காணிப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

கண்காணிப்பதில் ஒரு சிக்கல். தட்டச்சு செய்கிற எல்லோரும் ஒரே பயனர் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பாவித்தார்கள். இது கூடாத பழக்கம் என்று நான் சேர்ந்த முதல் வாரமே சொன்னேன். பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த அலுவலகத்தில் 'பிறகு' என்பது ஒரு பெரிய அலுமாரி, எதைப் போட்டாலும் உள்ளே போய்விடும். ஆகவே யார் என்ன செய்தார்கள் என்பதை அறிய ஒரே வழி, தொடர்பு எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பார்ப்பது. அதையும் கண்காணிப்பு நிரல் வெறும் எண்ணாகத்தான் எழுதும். நான்கு எண்கள், இடையிடையே புள்ளி. அவ்வளவுதான் ஒரு கணினியின் ஐ.பி. முகவரி.

முகாமையாளர் நல்ல மனிதர். எண்ணைக் கண்டால் மட்டும் அவருக்குக் கண் சொருகும். நான் கொண்டுபோய் வைத்த அறிக்கையைப் புரட்டிவிட்டு, "லொத்தர்ச் சீட்டு முடிவு மாதிரி இருக்கிறது. ஆளைப் போடு" என்றார். சரி என்று உட்கார்ந்து ஒரு சிறிய அட்டவணை செய்தேன். இந்த எண்ணுக்கு இந்தக் கணினி, அந்த எண்ணுக்கு அந்தக் கணினி. அறிக்கை அச்சாகும்போது எண்ணிருந்த இடத்தில் பெயர் வந்து உட்கார்ந்தது. அவருக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும்தான். ஒரு பிரதி தலைமை அலுவலகத்துக்கும் போகத் தொடங்கியது.

ஒன்றை அப்போது கவனித்தேன். எண்ணாக இருந்தவரைக்கும் எவரும் அதன்மேல் கோபப்படவில்லை. பெயர் வந்ததும் முகாமையாளர், "இன்றைக்கு இவர் நிறையத் திறந்திருக்கிறாரே" என்று பேச ஆரம்பித்தார். இவர் அல்ல, இது கணினி என்று நான் திருத்துவேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். அடுத்த நாள் திரும்பவும் 'இவர்' தான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவருடைய நல்ல குணத்தை நினைத்து அடக்கிக்கொள்வேன்.

அந்தத் தட்டச்சு மண்டபத்தில் யன்னலோரம் ஒரு அக்கா இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், சிறிய மகளோடு அகதியாக வந்தவர். ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நானும் ஸ்காபரோதான் என்று தெரிந்த பிறகு என் காரில் வரத் தொடங்கினார். புருஷன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். அக்கா அவரைக் 'கூப்பிட்டிருந்தார்'.

இந்தச் சொல்லை ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் பாவிக்கிற மாதிரி வேறெங்கும் பாவிப்பதாக நான் அறியேன். ஸ்பொன்சர் செய்து ஒருவரை இந்த நாட்டுக்கு வரவழைப்பதற்குப் பெயர் கூப்பிடுதல். தம்பியைக் கூப்பிட்டாச்சா, அம்மா அப்பாவை எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்று கோயிலிலும் கடையிலும் விசாரிப்பார்கள். கூப்பிடுவதற்கு நிலையான வேலை வேண்டும். அக்காவுடையது ஒப்பந்த வேலை. வேலை போனால் ஃபைல் திரும்பவும் அடியில் போய்விடும் என்று லோயர் சொல்லியிருந்தார். அதனால் அக்கா காய்ச்சலோடும் வேலைக்கு வருவார், பனிப்புயலிலும் வருவார்.

அவருடைய கணினி முதன்முதலில் மக்கர் செய்தபோது எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உங்கடை கொம்பியூட்டரின்ரை பேர் என்ன அக்கா?"

"யன்னலுக்குப் பக்கத்திலை இருக்கே, அது."

"பேர் அக்கா. ஸ்கிரீனுக்குக் கீழை ஒட்டியிருக்கும்."

"ஓம், ஒட்டியிருக்கு."

"அதை ஒருக்கா வாசியுங்கோ."

வாசிக்கவில்லை. "நீர் ஒருக்கா வந்து பாருமன் பிள்ளை" என்றார்.

சலித்துக்கொண்டு எழும்பிப் போனேன். ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அது அவருடைய புருஷனின் பெயர், எட்டு எழுத்தோடு வெட்டியது. அக்கா அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார். சொன்னால் புருஷனுடைய ஆயுள் குறையும் என்று நம்பி வளர்ந்தவர். நானோ பலசரக்குக் கடையில் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் நிற்கும் என் மனிசனைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுகிறவள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது எட்டு எழுத்துத்தானே அக்கா. முழுப்பேர் இல்லையே."

"அரைவாசிப் பேரெண்டாலும் ஆள் முழுசுதானே" என்றார்.

கணினியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அவருடைய குரல் கேட்டாலே எந்தக் கணினி என்று எனக்குத் தெரியும், கேட்பதில்லை. காரில் போகும்போது மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். இது கனடா அக்கா, பாங்கிலே என்ன செய்கிறீர்கள், டொக்டரிடம் என்ன செய்கிறீர்கள் என்று நச்சரிப்பேன். "கார்ட்டை நீட்டுவன்" என்பார். தொலைபேசி என்றால் மகள் பேசுவாள். கனடாவில் அத்தனை வருடம் அந்தப் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் சுமந்துகொண்டு, ஒரு தடவைகூட உச்சரிக்காமல் காலம் தள்ளியிருந்தார். ஒருவிதத்தில் அதுவும் கெட்டித்தனம்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வலையமைப்பைப் பார்க்கிறவர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நிரந்தர எண் இருந்தது. இனிமேல் கணினியைப் போட்டவுடன் அந்த நேரத்தில் எந்த எண் சும்மா இருக்கிறதோ அது தானாகக் கிடைக்கும் என்றார்கள். அவர்களுக்கு வேலை மிச்சம். எனக்கு வேலை கூடிவிட்டது. இன்றைக்கு ஒருவருடையதாக இருக்கும் எண் நாளைக்கு இன்னொருவருடையதாகிவிடும், என் அட்டவணையோ பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். இதை மாற்றி எழுத வேண்டும், அதுவரை அறிக்கையில் பெயரை நிறுத்துவோம் என்று முகாமையாளரிடம் சொன்னேன். இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினையைச் சமாளித்த பிறகு செய்யலாம், பெயர் இருக்கட்டும் என்றார். அந்த நாட்களில் எல்லோருக்கும் அந்தப் பயம்தான். இரண்டாயிரம் பிறந்தவுடன் கணினிகளுக்குத் தேதி தெரியாமல் போய் உலகமே நின்றுவிடும் என்று ஓடித் திரிந்தார்கள். என் அட்டவணையும் அலுமாரிக்குள் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முகாமையாளர் முகம் வெளிறிப்போய் என்னிடம் வந்தார். கையில் என் அறிக்கை. தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் அதை வாசித்திருக்கிறார். முந்தின வாரம் இரண்டு நாட்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாடிக்கையாளர் விபரம் முழுவதும் தலை முதல் கால்வரை யாரோ வாசித்திருக்கிறார்கள். தட்டச்சு செய்கிறவருக்கு ஒரு தடவைக்கு ஒரு ஆளின் விபரம் போதும். முழுவதையும் வாசிக்க வேண்டியது யாருக்கு? திருடுகிறவருக்கு. வாசித்த கணினியின் பெயர் அச்சில் பளிச்சென்று இருந்தது. யன்னலோரத்து அக்காவின் புருஷன் பெயர்.

சிறிய கூட்ட அறையில் தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, அந்தப் பாதுகாப்பு அதிகாரியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள். அறிக்கை என்னுடையது என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள். எண் மாறியிருக்கலாம் என்று நான் தொடங்கினேன். முதலில் அவர் கேட்டு முடிக்கட்டும் என்று முகாமையாளர் கையைக் காட்டினார். தொலைபேசியிலிருந்து வந்த குரல் மரியாதையான குரல்தான். வணக்கம் சொல்லிவிட்டு அந்த எட்டு எழுத்தையும் தனக்குத் தெரிந்த மாதிரி வாசித்து, அதைத் தெரியுமா என்று கேட்டது. அவர் வாயில் அந்தப் பெயர் ஏதோ இருமல் மருந்தின் பெயர் போல் வந்தது. கண்ணுக்கு முன்னால் தாள் இருந்தபடியால் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு முன்னால் தாள் இல்லை.

"நோ சேர்" என்றார் அக்கா.

நிச்சயமாகவா என்று குரல் கேட்டது. அக்கா யாரோ ஒரு ஆளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். உதவி செய்யும் எண்ணத்தோடு நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஐ நெவர் மீற் ஹிம், சேர்."

எனக்கு இருக்கையில் இருக்க முடியவில்லை. தொலைபேசியில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, அது உங்கள் குடும்பப் பெயரின் முன்பகுதி. உங்கள் கணினியின் பெயர்" என்றது. அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்படியானால் நீங்களே சொல்லுங்கள், உங்கள் கணினியின் பெயர் என்ன?" என்று குரல் கேட்டது. அக்கா மேசையைப் பார்த்தார். முகாமையாளர் மெதுவாக, சொல்லுங்கள், பயப்பட வேண்டாம் என்றார். அக்காவின் உதடு அசையவில்லை. நான் சொல்ல வாயைத் திறந்தேன், "அவரிடம்தான் கேட்டேன்" என்றது தொலைபேசி.

அவ்வளவுதான். அக்காவை விஷயம் முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்படி தான் எழுத வேண்டியிருக்கும் என்று அந்தக் குரல் வருத்தத்தோடே சொன்னது.

நான் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரைக் காரில் ஏற்றினேன். ஸ்டீல்ஸ் வீதியில் திரும்பும்வரைதான் என் பொறுமை தாங்கியது.

"ஒரு சொல்லக்கா. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். வேலை போனால் அவரை எப்பிடிக் கூப்பிடுவியள்?"

அக்கா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"அவர் அங்கை லொட்ஜிலை இருக்கிறார் பிள்ளை. பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் எழும்பிப் போய் வரிசையிலை நிக்கவேணும். போன மாசம் பக்கத்து அறைப் பொடியனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். போன் வராத கிழமை நான் என்ன பாடு படுறன் எண்டு உமக்குத் தெரியாது." மடியிலிருந்த கைப்பையைப் பூட்டினார். "இஞ்சை இருந்துகொண்டு அவருக்கு நான் என்னத்தைச் செய்யேலும்? ஒரு கோப்பி போட்டுக் குடுக்கேலுமே? வருத்தமெண்டால் பக்கத்திலை இருக்கேலுமே? இந்தப் பேரைச் சொல்லாமல் இருக்கிறது ஒண்டுதான் நான் அவருக்குச் செய்யிறது."

இத்தனை நாளும் நான் மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தது, கொழும்பில் இருந்த ஒரு மனிதனுக்கு ஒரு மனுஷி மார்க்கத்தில் இருந்தபடி பிடித்துக்கொண்டிருந்த குடை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கார் ஓட்டும்போது அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவருடைய கட்டடத்தடியில் இறக்கிவிட்டேன். அவர் கதவைச் சாத்துமுன், "நீர் இரவைக்குச் சாப்பிட்டிட்டுப் படும்" என்றார்.

அடுத்த நாள் காலை கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்காவின் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கணினியிடம் உன் எண் என்ன என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. கேட்டேன். அறிக்கையில் அகப்பட்ட எண் அது அல்ல, வேறு எண். அப்படியானால் அந்த எண் இப்போது யாரிடம்? இன்னொரு கட்டளையால் தட்டிப் பார்த்தேன். கட்டடத்துக்குள் எங்கோ ஒரு கணினி, இருக்கிறேன் என்று பதில் தந்தது. எங்கே என்று அது சொல்லாது. ஆகவே நடந்தேன். மேசை மேசையாகப் போய், கொஞ்சம் எழும்புங்கள் என்று சொல்லி, ஒவ்வொரு கணினியிடமும் எண் கேட்டேன். சீனப் பெண் தன் இரண்டு எழுத்துக் கணினியை என்னிடம் விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு ஆரஞ்சுப்பழத்தை உரித்து மேசையில் வைத்தாள். மண்டபம் முழுவதும் முடிந்தது. கணக்குப் பகுதியும் முடிந்தது. அந்த எண் இல்லை.

கடைசியில் அதை போட்டோகொப்பித் தாள் அடுக்கி வைக்கும் அறையில் கண்டுபிடித்தேன். பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மடிப்பு மேசை, அதன்மேல் நான் முன்பின் பார்த்திராத ஒரு கணினி, அதற்கு முன்னால் இரண்டு பேர் டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுச் சோதனைக்குத் தலைமை அலுவலகம் அனுப்பிய ஒப்பந்தக்காரர்கள். தேதிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வாடிக்கையாளர் விபரம் முழுவதையும் தங்கள் நிரலால் வாசிக்க வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "அனுமதி இருக்கிறது, அங்கே சொல்லிவிட்டுத்தான் செய்தோம்" என்றான் ஒருவன். விசைப்பலகையால் இரண்டு பேர் தலையிலும் ஒவ்வொன்று போட்டால் என்ன என்று நினைத்தேன். அவர்கள்மேல் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

முகாமையாளருக்கு விளக்குவது கஷ்டமாக இருக்கவில்லை. என் தொடர்மாடிக் கட்டடத்தின் வாசலில் இலக்கங்களும் பெயர்களும் போட்ட பலகை ஒன்று இருக்கிறது, ஆட்கள் மாறிப் போய்ப் பல காலமாகியும் பெயர்கள் மாறவில்லை, இலக்கத்தை அமத்தினால் பலகையில் இல்லாத ஒருவர்தான் பேசுவார் என்றேன். அவர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "நீ சொன்னாய். நான் கேட்கவில்லை" என்றார். அப்படிச் சொல்கிற மேலதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உடனே தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

அந்தக் குரல் எல்லாவற்றையும் கேட்டது. எண் விஷயம் தெளிவு, தன் பக்கத்திலும் பிழை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. பிறகு சொன்னது: "ஆனால் அந்த அம்மா, தன் சொந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றாரே. அந்த ஆளைச் சந்தித்ததே இல்லை என்றார். நானே கேட்டேன், சொல்லவும் மறுத்தார். மற்றவர்களுடைய மருந்து விபரத்தைக் கையாளுகிறவர் இப்படி முகத்துக்கு நேரே பொய் சொன்னால் நான் என்ன செய்வது?"

நான் சொன்னேன். அந்தப் பெயர் யாருடையது என்று சொன்னேன். அவர் எங்கே இருக்கிறார் என்றும், அக்கா அதை ஏன் சொல்வதில்லை என்றும், நீங்கள் வாசித்தபோது அது அவர் காதுக்கு வேறு ஏதோ சொல்லாகத்தான் கேட்டிருக்கும் என்றும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது எல்லாமே அரைகுறையாகத்தான் வந்தது.

"ஒருபோதும் சொன்னதில்லையா?" என்று கேட்டார்.

"ஒருபோதும்."

அவர் யோசித்தார். பிறகு சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. "நான் சொன்னதும் அவர் அறிந்த பெயரும் அவ்வளவு தூரம் வித்தியாசம் என்றால், அதை நான் கேட்க வேண்டும். அவர் வாயால் ஒரு தடவை சொல்லட்டும். நீங்கள் சொல்வது சரியென்றால் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் நான்தான்." நான் சொல்லிக் காட்டட்டுமா என்றேன். அவர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் சொல்லத் தைரியம் வரவில்லை. கூட்ட அறைக்கு வெளியே, நடைபாதையில் வைத்துத்தான் சொன்னேன்.

"எழுத்துக்கூட்டிச் சொல்லட்டே?" என்று கேட்டார்.

"எழுத்து அவரிட்டை இருக்காம். சத்தந்தான் வேணுமாம்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். உள்ளே முகாமையாளர் தொலைபேசியைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"அக்கா, அவரை இஞ்சை கூப்பிடவேணுமெண்டால், ஒருக்காக் கூப்பிடத்தான் வேணும்."

என்னை முறைத்துப் பார்த்தார். இந்த நேரத்திலும் வாய்க்கொழுப்பா என்று நினைத்தாரோ தெரியாது. ஒன்றும் பேசாமல் கழிவறைக்குப் போனார். முகம் கழுவி, பொட்டைச் சரியாக வைத்து, தலையையும் வாரிக்கொண்டு திரும்பி வந்தார். அறைக்குள் போனதும் முகாமையாளர் கதிரையை இழுத்துவிட்டார். அக்கா உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குரல் காலை வணக்கம் சொன்னது. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது.

அக்கா கண்ணை மூடினார். சொன்னார். எட்டு எழுத்தை அல்ல, முழுப் பெயரையும், வெட்டுப்படாமல், நடுவில் இருக்கும் இரட்டை எழுத்தை அழுத்தி, கடைசி எழுத்துவரை சொன்னார். அந்தப் பெயரை நான் எத்தனையோ தாள்களில் அச்சடித்திருக்கிறேன். அது ஒரு ஆளின் பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. இங்கே நான் அதை எழுதப் போவதில்லை.

தொலைபேசியில் கரகரவென்று ஏதோ சத்தம். "மன்னிக்க வேண்டும், இணைப்புச் சரியில்லை. இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்றது குரல்.

நான் அந்தத் தொலைபேசியை எடுத்துச் சுவரில் அடித்திருப்பேன். அக்கா அதன் பக்கம் குனிந்தார். இம்முறை சத்தமாகச் சொன்னார். தூரத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒருவரை நிற்கச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். வெளியே தட்டச்சுச் சத்தம் ஒரு கணம் நின்றது.

"இரண்டும் ஒரே சொல் என்று எனக்கும் தெரிந்திருக்காது" என்றார் அந்த மனிதர். "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. நன்றி." இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

முகாமையாளர் அக்காவிடம், உங்கள் வேலை உங்களுடையதுதான், லோயருக்கு என்ன உறுதி வேண்டுமோ அதை நானே எழுதித் தருகிறேன் என்றார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகுதான் அக்கா கதிரையில் உட்கார்ந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கலியாணங் கட்டின நாளிலையிருந்து நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார். "இண்டைக்கு ரெண்டு தரம் கூப்பிட்டன்."

ஓம் என்றேன்.

அக்கா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அவரைக் கூப்பிடுறன். ஆரோ ஒருத்தன் தாங்ஸ் எண்டுறான்."

அவர் கொழும்பிலிருந்து வந்து சேர இன்னும் இரண்டு பனிக்காலம் ஆனது.